விழுந்த அடிக்கு ஆட்டம் என்ன கணக்கு வைக்கிறது? ஜப்பானிய, இண்டி மல்யுத்த ஆட்டங்களை மதிப்பிடுவது குறித்து ஒரு விவாதம்

மூன்றாம்கயிறு எழுதியது:

முடிவு முன்பே தீர்மானிக்கப்படும் தொழில்முறை மல்யுத்தத்தில், ஜப்பானிய ஆட்டங்களையும் அமெரிக்க, பிரித்தானிய இண்டி (சிறிய, சுயாதீன நிறுவனங்களின்) ஆட்டங்களையும் பற்றி நாம் எழுதும் விமர்சனங்களில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. எத்தனை நட்சத்திரம், எத்தனை நிமிடம், நடுவர் மூன்று எண்ணி முடிப்பதற்கு மயிரிழை முன்பு எத்தனை முறை தோளைத் தரையிலிருந்து தூக்கித் தப்பினார்கள் என்று எழுதுகிறோம். விழுந்த அடி அதன் பிறகு என்ன ஆனது என்று மட்டும் எழுதுவதில்லை. ஒரு வீரரின் முழங்காலை எதிராளி பத்து நிமிடம் முறுக்குகிறார் என்றால், அதற்குப் பிந்தைய நிமிடங்களில் அந்த முழங்கால் அவரை எதையெல்லாம் செய்ய விடாமல் தடுக்கிறது என்பதே ஆட்டத்தின் கதை. என் மதிப்பீட்டில் இதுவே முதல் அளவுகோல். வேகமும் உயரமும் துல்லியமும் அதற்குப் பிறகுதான்.

இதை விளக்க, ஆல் ஜப்பான் நிறுவனம் 1994 ஜூன் 3 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகானில் நடத்திய மிட்சுஹரு மிசாவா, தொஷியாகி கவாடா ஆட்டத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. கவாடா பள்ளிக் காலத்திலேயே மிசாவாவுக்கு ஓராண்டு இளையவர்; மல்யுத்தத்திலும் அவருக்குப் பின்னால் வந்தவர். மிசாவாவோ 1992 ஆகஸ்டில் ஸ்டான் ஹான்சனிடமிருந்து பெற்ற டிரிபிள் கிரவுன் என்ற அந்நிறுவனத்தின் உச்சப் பட்டத்தை இரண்டு ஆண்டுகளை நெருங்கும் வரை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். அந்த ஆண்டு சாம்பியன் கார்னிவல் தொடரை வென்ற கவாடா, இனி தப்பவே முடியாது என்ற நிலையில் அவரை எதிர்கொள்கிறார். ஏறத்தாழ 36 நிமிடம் நீளும் அந்த ஆட்டத்தில் ஒரு முழங்கைக் குத்தைக்கூட வீணானது என்று சொல்ல முடியாது. கவாடா அடி வாங்கும் முறையைக் கவனியுங்கள். அடித்த உடனே அவர் விழுவதில்லை. ஒரு கால் முன்னே போகிறது, இடுப்பு தளர்கிறது, திருப்பி அடிக்கக் கை எழுகிறது, அதற்குள் உடல் அவரைக் கைவிட்டுவிடுகிறது. வலியைப் பார்வையாளருக்குக் காட்டும் கலையில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே.

அந்த ஆட்டத்தை முடித்த டைகர் டிரைவர் 91 என்ற வீச்சை மிசாவா மிக அரிதாகவே எடுப்பார். எதிராளியின் இரு கைகளையும் முதுகுப்புறம் பூட்டிவிடுவதால், தரையில் கை ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. கழுத்தும் தோளும்தான் முதலில் தரையைத் தொடும். வழக்கமான டைகர் டிரைவரும் முழங்கைகளும் கவாடாவை அடக்கப் போதவில்லை என்று 30 நிமிடத்துக்கு மேல் நமக்குக் காட்டிய பிறகே மிசாவா அதைக் கையில் எடுக்கிறார். ஆகவே அந்த வீச்சு கவாடாவுக்குச் செய்யப்பட்ட மரியாதையாகவும், மிசாவாவின் கையறு நிலைக்குச் சாட்சியாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது.

அடுத்த தலைமுறை இண்டி வீரர்கள் ஒளிநாடாக்கள் வழியாக இந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தார்கள். கழுத்தில் இறக்கும் வீச்சுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னிருந்த 30 நிமிடத்தைப் பலரும் எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாம் நிமிடத்தில் ஒருவர் தலைகீழாக இறக்கப்படுகிறார். ஒன்பதாம் நிமிடத்தில் எழுந்து ஓடுகிறார். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது என்பதற்காக அதை நல்ல ஆட்டம் என்று எழுத என்னால் இயலவில்லை.

நீலமூலை எழுதியது:

மூன்றாம்கயிறு அவர்களின் அளவுகோலை மதிக்கிறேன். ஆனால் அதை ஒரே அளவுகோலாக ஏற்க முடியாது. 2016 மே 27 அன்று டோக்கியோவின் கொராக்குவென் ஹாலில், எடை குறைந்த வீரர்களுக்கான பெஸ்ட் ஆஃப் தி சூப்பர் ஜூனியர் தொடரில் வில் ஆஸ்பிரேயும் ரிக்கோஷேயும் மோதிய ஆட்டத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஒருவரை ஒருவர் பிரதிபலிப்பதைப் போலக் கரணமடித்து, ஒரே நொடியில் தரையிறங்கி, எதிரெதிரே நின்ற அந்தச் சில விநாடிகள் இணையமெங்கும் பரவின. மூத்த வீரர் வேடர் அதை வெளிப்படையாகக் கடிந்தார். அந்தச் சர்ச்சை வளர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் ஆஸ்பிரேயும் வேடரும் நேருக்கு நேர் மோதும் வரை போனது.

கடிந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் துணுக்கை மட்டுமே பார்த்தவர்கள். முழு ஆட்டத்தில் அந்தப் பகுதி ஒரு கேள்வியை முன்வைக்கிறது: இருவருக்கும் ஒரே திறன் இருக்கும்போது யாரால் யாரை மீற முடியும்? எதிராளி எதைச் செய்தாலும் அதற்கு விடை தன்னிடம் இருக்கிறது என்று இருவரும் நிறுவுகிறார்கள். பிறகு ஒருவரின் விடை ஒரு கணம் தாமதமாகும்போது அடி விழுகிறது. அங்கே சேதம் உடலில் மெல்ல மெல்லச் சேர்வதில்லை. பிழைக்கு இடமே இல்லாத வேகத்தில் முதலில் பிழை செய்பவர் யார் என்ற பதற்றம்தான் சேர்கிறது. கவாடாவின் தள்ளாட்டத்தை அளக்கும் கோலால் இதை அளந்தால் இது குறைவாகத்தான் தெரியும். அதை ஆட்டத்தின் குறை என்று எப்படிச் சொல்வது?

ஜூனியர் பிரிவுக்கு ஜப்பானில் தனி மரபு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆட்டங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் தரும் விமர்சகர் டேவ் மெல்ட்ஸர் முதன்முதலில் ஐந்து நட்சத்திரம் அளித்தது 1983 ஏப்ரல் 21 அன்று நடந்த டைகர் மாஸ்க், டைனமைட் கிட் ஆட்டத்துக்குத்தான். வேகமும் உயரமும் பிற்காலத்தில் இண்டி வீரர்கள் கொண்டுவந்து சேர்த்த கலப்படம் அல்ல. புடோகானின் அந்த மாபெரும் ஆட்டங்களுக்குப் பத்தாண்டு முன்பே அவை ஜப்பானில் வேர்விட்டிருந்தன.

மணியோசை எழுதியது:

இண்டி என்றாலே கழுத்து வீச்சுகள் என்று பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரிங் ஆஃப் ஹானர் என்ற அமெரிக்க இண்டி நிறுவனத்தில் 2004-இல் சமோவா ஜோவும் சி.எம். பங்கும் ஆடிய மூன்று ஆட்டங்களில் முதல் இரண்டும் முழுமையாக 60 நிமிடம் ஓடிச் சமனில் முடிந்தன. ஜூன் 12 அன்று டேட்டனில் நடந்த முதல் ஆட்டத்தின் அடித்தளம் என்ன தெரியுமா? ஹெட்லாக். தலையைக் கையால் வளைத்து இறுக்கும், மல்யுத்தப் பள்ளியில் முதல் வாரத்தில் கற்றுத்தரும் பிடி அது. ஜோ கனமானவர், அடி இடி போல விழும், எதிராளிகளை விரைவாக நசுக்கிப் பழகியவர். அவரை வெல்ல ஒரே வழி அவருடைய மூச்சைத் திருடுவதுதான் என்று பங்க் முடிவு செய்கிறார். ஜோ அவரைக் கயிற்றில் தள்ளுகிறார், தூக்கி எறிகிறார். பங்க் மீண்டும் வந்து அதே பிடியை இடுகிறார். அரங்கத்திலிருந்த சில நூறு பேரும் ஹெட்லாக்குக்காகக் கூச்சலிடத் தொடங்குகிறார்கள்.

கழுத்தில் ஒருவரையும் இறக்காமல் ஒரு மணி நேரத்தைப் பொருளுள்ளதாக ஆக்கியவர்கள் இண்டி வீரர்கள்தான். மூன்றாம்கயிறு கேட்கும் கணக்கு அங்கே மிகச் சுத்தமாக இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஜோ மூச்சிரைத்து மெதுவாக எழுவது முதல் ஹெட்லாக்கின் விளைவு. அக்டோபர் 16 அன்று சிகாகோவில் நடந்த இரண்டாம் ஆட்டத்துக்கு மெல்ட்ஸர் ஐந்து நட்சத்திரம் தந்ததால் எல்லோரும் அதையே பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு முதல் ஆட்டம்தான் பெரியது, ஏனென்றால் பங்க் அந்தத் திட்டத்தைக் கண்டுபிடிப்பதை நாம் நேரில் காண்கிறோம். இரண்டாவதில் இருவருக்கும் அது முன்பே தெரியும்.

மூன்றாம்கயிறு எழுதியது:

மணியோசை சொன்ன ஜோ, பங்க் ஆட்டங்களை நான் முழு மனதுடன் ஏற்கிறேன். என் குறை இண்டி என்ற களத்தின் மீது அல்ல. பெரிய ஆட்டங்களின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தின் மீது. ஆஸ்பிரே, ரிக்கோஷே குறித்து நீலமூலை எழுதியது, அந்த ஆட்டத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாதம் என்பேன். இருந்தாலும் என்னை ஒன்று உறுத்துகிறது. பிழைக்கு இடமில்லாத வேகம் என்பது தொடக்கத்துக்குப் பொருந்தும். அடி விழத் தொடங்கிய பிறகும் அதே வேகத்தில் அதே கரணங்கள் வரும்போது, விழுந்த அடி பொருளற்றுப் போகிறது. கொராக்குவென் ஹால் இரண்டாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் அமரும் அரங்கம். மூச்சிரைப்பது மேல்மாடி வரை கேட்கும். அங்கே அவர்கள் இருவரும் ஒரு முறையாவது நிதானித்து வலியைக் காட்டியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் இன்னொரு தளத்துக்குப் போயிருக்கும்.

நவீன வேகமும் பழைய கணக்கும் ஒன்றுசேர முடியும் என்பதற்குக் கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் ஆடிய தொடரைச் சொல்வேன். 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் 46 நிமிடத்துக்கு மேல் நீண்ட முதல் ஆட்டத்துக்கு ஆறு நட்சத்திரம் கிடைத்தது என்ற செய்தியில் மற்ற எல்லாம் மறைந்துவிட்டன. கயிற்றுக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டு ஒமேகா மேசையின் மீது விழுந்த காட்சியையே எல்லோரும் பகிர்ந்தார்கள். அந்த ஆட்டத்தின் உயிர்நாடி நடக்காமல் போன ஒன்றில் இருக்கிறது. ஒமேகாவின் முடிவு வீச்சான ஒன் விங்டு ஏஞ்சல் அன்று ஒரு முறைகூட நிறைவேறவில்லை. ஒகாடாவைத் தோளில் ஏற்றுகிறார், ஒகாடா நழுவுகிறார். மீண்டும் ஏற்றுகிறார், மீண்டும் நழுவுகிறார்.

ஜூன் 11 அன்று ஒசாகா-ஜோ ஹாலில் அது கடைசியில் விழுகிறது. ஆனால் ஒகாடாவின் கால் கயிற்றில் பட்டுவிடுகிறது, ஆட்டம் 60 நிமிடம் ஓடிச் சமனாகிறது. ஆகஸ்டில் ஜி1 என்ற கோடைக்காலப் போட்டித் தொடரில் அதே வீச்சால் ஒமேகா ஒகாடாவை வெல்கிறார். 2018 ஜூன் 9 அன்று மூன்றில் இரண்டு வெற்றி என்ற நிபந்தனையில் பட்டத்தையும் பெறுகிறார். ஒரு வீச்சு என்றால் முடிவு என்ற நம்பிக்கையை நான்கு ஆட்டங்களில் ஒன்றரை ஆண்டு காப்பாற்றினார்கள். ஓர் ஆட்டத்துக்குள் வைக்கும் கணக்கைத் தொடர் முழுவதற்கும் நீட்டியதுதான் அவர்களின் சாதனை. அதே நேரம், முதல் ஆட்டத்தின் முதல் 20 நிமிடம் பின்னால் வரும் எதற்கும் அடிகோலவில்லை என்ற குறையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒமேகாவின் முதுகில் ஒகாடா செய்த வேலை, மேசைக்குப் பிறகு மறக்கப்படுகிறது.

பால்கனிஇருக்கை எழுதியது:

இவ்வளவு நேரம் பேசியும் பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட வரவில்லை. நீங்கள் தேடும் கணக்கு மிகக் கூர்மையாக எழுதப்பட்ட ஆட்டம் 1993 ஏப்ரல் 2 அன்று யோகோஹாமா அரீனாவில் நடந்த அகிரா ஹொக்குடோ, ஷினோபு கந்தோரி ஆட்டம். கந்தோரி ஜூடோவிலிருந்து வந்தவர், வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஹொக்குடோ தன் நிறுவனமான ஆல் ஜப்பான் பெண்கள் மல்யுத்தத்தின் மானத்தைக் காக்க வந்தவர். தொடங்கிய உடனே ஹொக்குடோ முகத்தில் குத்துகிறார். கந்தோரி அவருடைய கையைப் பிடித்துத் தோளை முறுக்குகிறார். முதல் நிமிடத்திலேயே ஆட்டம் தன் விதியைச் சொல்லிவிடுகிறது. தரையில் கிடந்தால் கந்தோரியின் பிடி உறுதி. ஆகவே எப்படியாவது எழுந்து நிற்பதே ஹொக்குடோவின் வேலை.

களத்துக்கு வெளியே மேசையில் தலை மோதிய பிறகு ஹொக்குடோவின் முகமெல்லாம் ரத்தம். வெளிர்நிறத் தலைமுடி சிவப்பாகிப் போகிறது. அதன் பிறகு அவர் ஏறிக் குதிக்கும் ஒவ்வொரு தாவலிலும் முந்தைய தாவலைவிடச் சற்றுக் குறைவான பலமே இருக்கிறது. முடிவில் அழகிய வீச்சு எதுவும் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் முகத்தில் குத்திக்கொண்டு சாய்கிறார்கள். ஹொக்குடோ ஊர்ந்துபோய் மேலே விழுகிறார். நடுவர் மூன்று எண்ணுகிறார். தொழில்நுட்பத்தில் கந்தோரி தோற்கவே இல்லை. விழுந்த பிறகு நகரக் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தவர் வென்றார், அவ்வளவுதான்.

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஆட்டத்தை மதிப்பிடும்போது அரங்கத்தைக் கழித்துவிட முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் ஜப்பானிய அரங்குகளில் குரல் எழுப்பத் தடை இருந்தது. கைதட்டலும் கால்தட்டலும் மட்டுமே. அந்த நாள்களின் ஆட்டங்கள் பலவும் வறண்டவை என்று ஒதுக்கப்பட்டன. எனக்கு அவை பெரிய பாடமாக இருந்தன, ஏனென்றால் எந்த வீரர் கூச்சலை நம்பி ஆடுகிறார், எந்த வீரர் எதிராளியை நம்பி ஆடுகிறார் என்பது அங்கே மறைக்க முடியாமல் தெரிந்தது. 30 நிமிட ஆட்டங்களை 20 நிமிடத்தில் முடித்திருக்கலாம் என்பதும் அப்போது தெளிவாயிற்று.

நீலமூலை எழுதியது:

ஹொக்குடோ, கந்தோரி ஆட்டத்தைப் பற்றி இதைவிட நன்றாக எழுத முடியாது. நான் வேறொரு கேள்வியை முன்வைக்கிறேன், இது மூன்றாம்கயிறு அவர்களின் அளவுகோலை நேரடியாகத் தொடுவதால். அடிக்கு விளைவு வேண்டும் என்று கேட்கிறோம். 2017 ஏப்ரல் 9 அன்று டோக்கியோவின் ரியோகோகு கொக்குகிகான் அரங்கில் ஒகாடாவை எதிர்கொண்ட கட்சுயோரி ஷிபாடா, கையால் தடுக்காமல் தலையோடு தலை மோதினார். அந்தச் சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. ஆட்டம் முடிந்து உள்ளே போனதும் மயங்கி விழுந்தார். மூளை உறைக்கு அடியில் ரத்தக்கசிவு, அவசர அறுவைச் சிகிச்சை. அந்த ஆட்டத்துக்கும் ஐந்து நட்சத்திரம். விளைவு உண்மையாகவே உடலில் நிகழ்ந்துவிட்டது. இப்போது இதை எப்படி மதிப்பிடுவீர்கள்?

மூன்றாம்கயிறு எழுதியது:

நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். அந்த 38 நிமிட ஆட்டம் அமைப்பில் மிகச் சிறந்தது. பட்டத்தின் மெருகு எதுவும் இல்லாத மனிதர், மெருகின் உருவான ஒகாடாவைப் பிடி பிடியாகக் கழற்றுகிறார். ஒகாடா முதல் 20 நிமிடம் திகைத்துப்போய் இருக்கிறார். ஒகாடாவின் முடிவு அடியான ரெயின்மேக்கரை வாங்கியும் ஷிபாடா விழாமல் நிற்கும் இடம் நியூ ஜப்பான் நிறுவனத்தின் அந்தப் பத்தாண்டின் உச்சங்களில் ஒன்று. அந்தத் தலைமோதல் மட்டும் ஆட்டத்துக்குத் தேவைப்படவில்லை. அதற்கு முன்பே ஷிபாடா எதற்கும் பின்வாங்காதவர் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. அது புதிதாக எதையும் சொல்லவில்லை.

நான் கேட்கும் விளைவு, நம்பவைக்கப்படும் விளைவு. ஒரு நல்ல மல்யுத்த வீரரின் தொழிலே, எதிராளியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அவர் நொறுங்கிவிட்டதாக நம்மை நம்பவைப்பது. 1995 ஜூன் 9 அன்று புடோகானில் நடந்த, இருவர் இருவராக மோதும் இணை ஆட்டத்தைப் பாருங்கள். கவாடாவும் அகிரா டாவுவேயும் மிசாவாவின் கூட்டாளி கென்டா கொபாஷியின் கட்டுப்போட்ட காலையே குறிவைக்கிறார்கள். நிற்க முடியாத கொபாஷி, அடிபட்டுக் கிடக்கும் மிசாவாவின் மேல் ஊர்ந்து சென்று படுத்துத் தன் உடலால் அவரை மறைக்கிறார். அந்தக் காட்சியில் ஆபத்தான வீச்சு எதுவும் இல்லை. ஒருவர் மேல் இன்னொருவர் படுத்திருக்கிறார், அவ்வளவே. ஆனாலும் அந்த 42 நிமிடத்தில் அதைவிட வலிக்கும் இடம் வேறில்லை. சற்று நேரத்தில் கவாடா முதன்முறையாக மிசாவாவின் தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ண வைக்கிறார். மோதிரக்கையால் குட்டுப்பட்டவர் திருப்பிக் குட்ட எத்தனை ஆண்டு ஆனது என்பது அரங்கத்துக்குத் தெரியும்.

அதே மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், பின்னாலிருந்து தூக்கி எறியும் ஒரு சாதாரண சப்ளக்ஸில் விழுந்து எழவே இல்லை. 47 வயது நிறைய ஐந்து நாள் இருந்தது. 20 ஆண்டுகளாக அந்தக் கழுத்து வாங்கியதெல்லாம் சேர்ந்துதான் அன்று அவரை விழவைத்தது என்றே நான் நம்புகிறேன். எனவே 1994 ஜூன் ஆட்டத்தை எவ்வளவு புகழ்ந்தாலும், அந்தக் கடைசி வீச்சை ஒரு மாதிரியாக இளைய வீரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு முந்தைய 35 நிமிடத்தைப் பரிந்துரைப்பேன். அதைக் கற்றவர்களுக்கு அந்தக் கடைசி வீச்சு தேவைப்படாது.

மணியோசை எழுதியது:

அப்படித் தேவைப்படாமலே செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். 2012 அக்டோபர் 8, இதே ரியோகோகு கொக்குகிகான், ஹிரோஷி தனஹாஷியும் மினோரு சுசூக்கியும். மயிரிழையில் தோளைத் தூக்கும் எண்ணிக்கைகளை நம்பாமலே ஒரு பட்டப் போட்டியை அவர்கள் கட்டினார்கள். சுசூக்கி தனஹாஷியின் கையை எடுக்கிறார், தனஹாஷி சுசூக்கியின் காலை எடுக்கிறார்; யாருடைய உறுப்பு முதலில் பயனற்றுப் போகும் என்பதே போட்டி. காற்றில் கிட்டார் வாசிப்பது போல அபிநயிக்கும் தனஹாஷியின் வழக்கத்தை, அவரால் தூக்க முடியாத கையைக் குறிவைத்துக் கேலிசெய்து சுசூக்கி பறிக்கும் பகுதியைக் கவனியுங்கள். கழுத்தில் ஒரு வீச்சும் இல்லாமல் ஐந்து நட்சத்திரம்.

இன்னொன்று, 2013 ஆகஸ்ட் 4 அன்று ஒசாகாவில் ஜி1 தொடரில் டொமோஹிரோ இஷியும் ஷிபாடாவும். மொத்தமே 12 நிமிடம். இருவரும் ஒருவர் அடிக்கு ஒருவர் அசையாமல் நின்று பதிலடி கொடுக்கிறார்கள் என்பதால், மூன்றாம்கயிறு இதை வலி காட்டாத ஆட்டம் என்று ஒதுக்கக் கூடும். ஆனால் கூர்ந்து பாருங்கள்: நின்றவர் ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாகவே திருப்பி அடிக்கிறார். அசையாமல் நிற்பதற்கு அவர் கொடுக்கும் விலை அந்தத் தாமதத்தில் இருக்கிறது.

மூன்றாம்கயிறு எழுதியது:

இஷி, ஷிபாடா ஆட்டத்தை ஒதுக்க மாட்டேன். அந்தத் தாமதத்தைத்தான் நான் முதல் பதிவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தனஹாஷி, சுசூக்கி ஆட்டத்தில் மட்டும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கடைசியில் ஹை ஃப்ளை ஃப்ளோ என்ற பாய்ச்சலுக்காக தனஹாஷி மேல்கயிற்றில் ஏறும்போது, அவ்வளவு நேரம் சுசூக்கி உடைத்த கை ஏறுவதற்குத் தடையாக இருக்கவில்லை. அங்கே ஒரு முறை கை நழுவியிருக்க வேண்டும். அடுத்த பதிவில் பால்கனிஇருக்கை இதற்கு என்ன சொல்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

பால்கனிஇருக்கை எழுதியது:

சுசூக்கியின் காலும் போயிருந்ததே. தனஹாஷி நிதானமாக ஏற முடிந்ததற்குக் காரணம், கீழே கிடந்தவரால் எழ முடியவில்லை என்பதுதான். கை எவ்வளவு கெட்டிருந்தாலும் அவசரம் இல்லாதவர் ஏறிவிடலாம். கை நழுவியிருந்தால், அதுவரை சுசூக்கியின் காலில் தனஹாஷி செய்த வேலைக்கு மதிப்பில்லாமல் போயிருக்கும்.